பணம் தீரும் நாளில் எடுக்கக் கூடாத முடிவு

பாபநாசம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தந்தைக்கு 82 வயது. பார்க்கின்சன் நோயால் ஒன்றரை ஆண்டாகப் படுக்கையில் இருந்தவர். கடைசி ஆறு மாதமாகப் பிள்ளைகளின் முகம்கூட அவருக்குப் பிடிபடவில்லை. இப்போது இரண்டாவது முறையாகப் பக்கவாதம் தாக்கி, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு நாளாகச் செயற்கை சுவாசக் கருவியில் இருக்கிறார். நினைவு திரும்புவது அரிது என்று சொன்ன மருத்துவரே, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கக் கையெழுத்தும் கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், என்ன செலவானாலும் பார்க்கலாம் என்கிறார். கும்பகோணத்தில் இருக்கும் தங்கை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார். கையிருப்பு தீர்ந்துவிட்டதால், அம்மா பெயரில் உள்ள ஐந்து மா நிலத்தை ஈடு வைக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பணத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்துவது பாவமா, சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்பவை உங்கள் கேள்விகள்.

இந்தப் பகுதியில் நெடுங்காலம் பொது மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். பணத்தைக் கணக்கிடுவது பாவமில்லை. ஆனால் பணம் தீரும்வரை கணக்கிடாமல் இருந்துவிட்டு, தீர்ந்த நாளில் சிகிச்சையை நிறுத்துவதுதான் நம் பக்கத்தில் மிகுதியாக நடக்கிறது. நோயாளிக்கு அதைவிடக் கொடிய முடிவு வேறில்லை. நோயின் போக்கைப் பார்த்து நிறுத்தினால் அது ஒரு முடிவு. அடகுக் கடையில் வைக்க நகை இல்லாமல் போய் நிறுத்தினால், முடிவை யாருமே எடுக்கவில்லை என்றுதான் பொருள்.

அது எப்படி நடக்கிறது என்று நீங்களும் அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் மாலை உறவினர் கூடிப் பேசி, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக ஒரு தாளில் கையெழுத்தாகிறது. தொண்டைக் குழாயோடு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி, ஒருவர் கையால் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வர, அய்யம்பேட்டையைத் தாண்டி ஊர் வந்து, திண்ணையிலோ கூடத்திலோ கிடத்தியதும் குழாயை உருவிவிட்டு வண்டி திரும்பிவிடுகிறது. அதற்குப் பின் அந்த உயிர் பிரிய அரை மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் மூச்சுத் திணறலுக்கு ஒரு மாத்திரையோ, தொண்டையில் கோழை கட்டி எழும் ஓசைக்கு ஓர் ஊசியோ கிடையாது. என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கும் ஆளும் கிடையாது. சொந்த வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்ற நம் மக்களின் விருப்பம் மதிப்புக்குரியது, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அந்த விருப்பம் நிறைவேறும் விதம் பல நேரங்களில் இதுதான். ஆலோசனைக்கு மாறாக என்று அந்தத் தாளில் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். சிகிச்சையால் பயனில்லை என்று வாயால் சொன்ன அதே மருத்துவமனை, தாளில் பொறுப்பை உங்கள்மேல் வைத்துவிடுகிறது. பிள்ளைகள் அந்தக் குற்றவுணர்வை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. மீள வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்கவும், தொடங்காமல் இருக்கவும் அது இடம் தந்தது. அந்தத் தீர்ப்பில் வகுத்த நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் அதை எளிதாக்கியது. நோயாளி முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காத நிலையிலும் வழி உண்டு. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் கொண்ட முதல்நிலை மருத்துவக் குழுவை மருத்துவமனை அமைக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தாரோடு பேசி, எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவரும் வேறு இரண்டு வல்லுநர்களும் கொண்ட இரண்டாம் குழு அதையே தனியாக ஆராய வேண்டும். இரு குழுக்களும் ஒத்துப்போனால், கருவியை விலக்கும் முன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும்; அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை.

ஆகவே நாளை காலை மருத்துவரைப் பார்க்கும்போது, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்காதீர்கள். முதல்நிலை மருத்துவக் குழுவைக் கூட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பல மருத்துவமனைகள் இந்த நடைமுறையைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. கேட்ட பிறகும் தட்டிக் கழித்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். உங்களுக்கு அது தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

சிகிச்சையை நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றுதானே என்ற கேள்வியை உறவினர் யாராவது கட்டாயம் எழுப்புவார்கள். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தென்மாவட்டங்கள் சிலவற்றில் படுத்த முதியவர்களுக்கு எண்ணெய்க் குளியல் செய்து இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தல் என்ற வழக்கமும் கொலைதான். அதை மரபு என்று சொல்லி நியாயப்படுத்த வேண்டியதில்லை. இவற்றில் மரணத்தை உண்டாக்குவது மனிதனின் கை. உங்கள் தந்தையைப் பொறுத்தவரை மரணத்தை உண்டாக்குவது நோய். கருவி அதை நிறுத்தவில்லை, நீட்டுகிறது. வேறு சிலர், சங்ககால அரசன் உறையூர்க் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் துறந்த கதையை எடுத்துக்கொண்டு, நம் மரபிலேயே இதற்கு இடம் உண்டு என்பார்கள். நல்ல கதைதான்; ஆனால் அந்த அரசன் தெளிந்த அறிவோடு தானே முடிவெடுத்தான். உங்கள் தந்தையால் இப்போது பேச முடியாது என்பதுதான் இங்கே சிக்கல்.

அதனால்தான் மருத்துவ அறவியலில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று குடும்பத்தாரிடம் கேட்பதில்லை; அவர் பேச முடிந்தால் என்ன சொல்வார் என்று கேட்கிறோம். இதற்கு விடை பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். ஊரில் யாராவது மாதக்கணக்கில் குழாயோடு கிடந்தபோது அவர் என்ன சொன்னார், தன் அண்ணன் இறந்தபோது எதைக் கண்டு கலங்கினார், மருத்துவமனையில் சேர்க்க வேண்டாம் என்று எப்போதாவது பிடிவாதம் பிடித்தாரா என்று அம்மாவிடமும் அவருடைய நண்பர்களிடமும் கேளுங்கள். ஆற்றங்கரை அரச மரத்தடியில் அவரோடு நாள்தோறும் உட்கார்ந்தவர்களுக்குப் பிள்ளைகள் அறியாதது தெரிந்திருக்கும். அப்படிக் கிடைக்கும் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர் எதுவுமே சொன்னதில்லை என்றால் மட்டும், அவருடைய நலனுக்கு எது உகந்தது என்று நீங்கள் எடை போட வேண்டியிருக்கும்.

அந்த எடையில் தொண்டைத் துளையைப் பற்றிய உண்மையும் சேர வேண்டும். நீண்ட நாள் சுவாசக் கருவி தேவைப்படுவோருக்கு இரண்டாவது வாரத்தை ஒட்டி இதைப் பரிந்துரைப்பது வழக்கம். மீளும் வாய்ப்புள்ள நோயாளிக்கு இது மிக நல்ல சிகிச்சை. நினைவு திரும்ப வாய்ப்பில்லாத 82 வயது முதியவருக்கு அது செய்யும் வேலை வேறு: சாவைத் தள்ளிவைத்து, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுப் படுக்கைக்கு மாற்றுகிறது. அதன்பின் இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கோழையை உறிஞ்சி எடுக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும். சிறுநீர்க் குழாயைக் கவனிக்க வேண்டும். இவற்றை யார் செய்வார்கள்? உங்கள் கேள்வி முழுவதிலும் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒன்றரை ஆண்டாக உங்கள் தந்தையைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் அந்த மருமகளாகத்தான் இருப்பார். கையெழுத்துப் போடும் முன் அவரிடம் கேட்காத குடும்பம், செலவுக் கணக்கில் மிகப் பெரிய வரியை எழுதாமல் விட்டுவிடுகிறது.

இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல்வதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்று இந்தச் சிகிச்சை பெற்ற 65 வயதுக்கு மேற்பட்டோரில் உயிரோடு மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காடுதான் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவு. பலனின்றி விலா எலும்பு முறிவதைத் தவிர்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் இதற்கென்றே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. குடும்பத்தாரோடு பேசி, மீட்பு முயற்சி வேண்டாம் என்று மருத்துவர் கோப்பில் எழுதலாம்.

இனிப் பணம். நாளொன்றுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே பன்னிரண்டு நாளில் மூன்று லட்சம் போயிருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உதவும். ஆனால் அது வரையறுத்த சிகிச்சைகளுக்கு வரையறுத்த தொகை தரும் திட்டம், முடிவில்லாமல் நீளும் சுவாசக் கருவிக்கு அதை நம்ப முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மிச்சத்துக்கு எட்டு லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 16,000, ஆண்டுக்கு 1,92,000. ஐந்து மா என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை விளைந்து, கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் கிடைத்தாலும், ஒரு சம்பாவில் மொத்த வரவு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும்; உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திரக் கூலி எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். மேட்டூர் உரிய நாளில் திறந்து குறுவையும் கைகொடுத்தாலும் அந்த நிலத்தால் வட்டியைக்கூடக் கட்ட முடியாது. ஈடு வைப்பது என்று பேசினாலும் உண்மையில் அது விற்பதுதான். இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப் போகும், அவ்வளவே.

அந்த நிலம் யாருடையது என்பதுதான் இந்தக் கேள்வியின் நடுப்புள்ளி என்று கருதுகிறேன். அது உங்களுடையதும் இல்லை, அண்ணனுடையதும் இல்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு, கணவருக்குப் பின் மீதமிருக்கும் ஆண்டுகளில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க உதவும் ஒரே சொத்து. தாலி கட்டியவருக்காக நிலத்தைத் தர மாட்டேன் என்று எந்த அம்மாவும் பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டார். அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007இல் வந்த சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடம் பெறலாம் என்று யாராவது ஆறுதல் சொல்லக்கூடும். பெற்ற பிள்ளைகள்மேல் மனுப் போடும் நிலைக்கு அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, நிலத்தை அவர் பெயரிலேயே விட்டுவைப்பது நல்லது. பேசுவதானால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய தங்கையோ சித்தியோ அவரிடம் பேசட்டும்.

அண்ணனைப் பற்றி. நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதும், அருகில் இல்லாத வருத்தம் என்ன செலவானாலும் என்ற சொல்லாக வெளிப்படுவதும் இயல்பு. அவர் கடைசியாகப் பார்த்த அப்பா ஒருவேளை வயல் வரப்பில் நடந்த அப்பா. ஆறு மாதமாக முகம் தெரியாமல் கிடந்தவரை அவர் பார்க்கவில்லை. அவரோடு நீங்கள் வாதாடாதீர்கள். மருத்துவரையே அவரோடு வீடியோ அழைப்பில் பேச வையுங்கள். மூன்று மாதம் கழித்து அப்பா எந்த நிலையில் இருப்பார் என்ற ஒரே கேள்வியை அண்ணனே கேட்கட்டும். அவசியமானால் அவர் வந்து பார்க்கும்வரை நாள் குறித்துக் காத்திருக்கலாம். அதற்குள் நிலை தேறாவிட்டால் கருவியைத் தொடர்வதில்லை என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிதான். ஒன்று மட்டும் கறாராக இருக்கட்டும்: செலவை ஏற்பவருக்கே முடிவும் சொந்தம் என்ற நிலை வரக் கூடாது. பணம் அனுப்புகிறவரின் சொல்லுக்குக் கட்டிலருகே நிற்பவரின் சொல்லைவிட எடை கூடிவிட்டால், மூன்று உடன்பிறப்புகளுக்கும் அது ஆறாத புண்ணாகிவிடும்.

கருவியை விலக்குவது என்று முடிவானால், விலக்கும் முன்பே மூச்சுத் திணறலுக்கு மார்பின் (morphine) என்ற அபின் வகை மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் குழாயை எடுக்க வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துன்பத்தைத் தணிக்க அளவோடு கொடுக்கும் மார்பின் கொலை மருந்து இல்லை. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் அது நோயாளிக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மாத்திரை விலை சில ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் மாத்திரையும் அளவு எழுதிய சீட்டும் கையில் வந்த பிறகே கிளம்புங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணம், ஆதரவுச் சிகிச்சை ஆகியவற்றுக்காகச் செவிலியர் வீட்டுக்கே வருவது உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னரே பெயரைப் பதிந்து வையுங்கள்.

வீட்டில் இரண்டு விஷயங்களில் உறவினரோடு சங்கடம் வரும். ஒன்று, உணவு. பட்டினி போடுகிறீர்களா என்பார்கள். உயிர் ஒடுங்கும் நாள்களில் உடல் உணவைக் கேட்பதில்லை, செரிக்கவும் முடிவதில்லை. வற்புறுத்தி ஊற்றினால் நுரையீரலில்தான் இறங்கும். ஈரப் பஞ்சால் வாயையும் உதட்டையும் நனைத்துக்கொண்டிருந்தால் வறட்சி தணியும். மற்றொன்று, பால் ஊற்றுவது. பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால், விழுங்க முடியாதவருக்கு மூச்சு அடைக்கும். வழக்கத்தை விட வேண்டியதில்லை; துளசி இலையால் தொட்டு உதட்டில் ஒரு துளி வைத்தால் போதும் என்று அத்தையோ பெரியம்மாவோ முன்னின்று சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தெரிந்த நோயால் வீட்டில் நேரும் இயற்கை மரணத்துக்குக் காவல் துறையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை, கடைசியாகப் பார்த்த மருத்துவரின் சான்று இருந்தால் பதிவு எளிது.

இந்தக் குழப்பம் எல்லாம் ஓய்ந்து சில மாதம் கழிந்தபின் அம்மாவிடம் இன்னொரு பேச்சு இருக்கிறது. தமக்கு இப்படியொரு நிலை வந்தால் எவ்வளவு சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் இப்போதே முன் மருத்துவ அறிவுறுத்தலாக எழுதி வைக்கலாம். 2023 திருத்தத்துக்குப் பின் இதற்கு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை; இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்குரைஞரோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் திரும்பப் பெறலாம். ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள். தம் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்டோரையும் அதில் குறிப்பிடலாம் என்பதால், உங்கள் பெயரோடு தங்கையின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடியவர் அவர்தான்.